0.9 சதவீத எமல்சிஃபையரும் இரண்டு கட்சிக்காரர்களும்

க்ரீம், லோஷனில் இருக்கும் எமல்சிஃபையர்கள் பாதுகாப்பானவையா என்று இணையத்தில் தேடினால் இரண்டு கட்சிகள் கிடைக்கும். ஒன்று பயமுறுத்தும் கட்சி. பெயர் வாயில் நுழையாவிட்டால் விஷம், பெட்ரோலியத்திலிருந்து வந்தால் விஷம், ஆப்பில் சிவப்பு காட்டினால் விஷம். இன்னொன்று கேலிக் கட்சி. தண்ணியும் கெமிக்கல்தான், அளவுதான் விஷம், நிபுணர் குழு ஓகே சொன்னதைப் பத்தி நீங்க என்ன பேசறது என்பார்கள். கடந்த இரண்டு மாதமாக இரண்டு தரப்பும் எழுதியதையும், அவர்கள் கை காட்டும் மூல அறிக்கைகளையும் முடிந்தவரை படித்துக்கொண்டிருக்கிறேன். ரெண்டு பேர் மேலயும் எனக்குக் குறை இருக்கு. விசித்திரம் என்னவென்றால் அது ஒரே குறை. இருவரும் பொருளின் பெயரைத்தான் விசாரிக்கிறார்கள். எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு நேரம் தோலில் இருக்கும், யாருடைய தோல் என்பதற்கு வருவதற்குள் தீர்ப்பு எழுதி முடித்துவிடுகிறார்கள்.

இதைப் பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் யாருக்கும் உறைக்காது. அதனால் ஒரே ஒரு க்ரீமை எடுத்து, இரண்டு கட்சியையும் அதில் உரசிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அதற்கு முன் அடிப்படை ஒன்று. தெரிந்தவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போய்விடலாம்.

எண்ணெயும் தண்ணியும் ஒட்டாது. பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினால் கொஞ்ச நேரம் கலந்த மாதிரி தெரியும், கீழே வைத்ததும் பிரிந்துவிடும். ஒரு முனையில் தண்ணீரையும் மறு முனையில் எண்ணெயையும் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு ஒன்று நடுவில் நின்றால், எண்ணெய் சின்னச் சின்னத் துளிகளாகச் சிதறியபடியே இருக்கும். பள்ளிப் புத்தகம் பால்மம் என்று சொல்வது இதைத்தான். பால் அப்படிப்பட்டது, மயோனைஸ் அப்படிப்பட்டது, நாம் தடவும் பெரும்பாலான க்ரீம்களும் அப்படித்தான். நடுவில் நிற்கிற அந்த ஆள்தான் எமல்சிஃபையர். ஆகவே 'எமல்சிஃபையரே இல்லாத க்ரீம் வேணும்' என்று கேட்பது ஏறக்குறைய க்ரீமே வேண்டாம் என்பதற்குச் சமம். தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொள்ளலாம், தப்பில்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், நம் தோலின் காப்பும் கொழுப்பால் ஆனது. ஸ்ட்ராட்டம் கார்னியம் என்கிற மேலடுக்கில் செத்த செல்கள் செங்கல் மாதிரி அடுக்கப்பட்டிருக்கின்றன. இடையில் சாந்து போல செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமல் காப்பது அந்தச் சாந்துதான். எண்ணெயைப் பிடிக்கத் தெரிந்த மூலக்கூறுக்கு, டப்பாவில் இருந்த எண்ணெய் எது, தோலுக்குச் சொந்தமான கொழுப்பு எது என்ற பேதம் கிடையாது. எல்லா எமல்சிஃபையரும் ஒரே அளவுக்கு இந்த வேலையைச் செய்வதில்லை. எதிர் மின்சுமை கொண்ட சிறிய மூலக்கூறுகள் தோலுக்குள் சுலபமாக நுழைந்து அங்கிருக்கும் புரதங்களோடும் ஒட்டிக்கொள்ளும். மின்சுமை இல்லாத பெரிய மூலக்கூறுகள் பொதுவாகச் சாது.

இப்போது அந்த க்ரீம். பெயர் அக்வஸ் க்ரீம் பி.பி. 'பி.பி.' என்றால் பிரிட்டிஷ் பார்மகோப்பியா, அதாவது அந்நாட்டின் அதிகாரபூர்வ மருந்துத் தரநூல். பிரிட்டனில் பல பத்தாண்டுகளாக எக்ஸிமாவுக்கு, நம்ம ஊரில் கரப்பான் என்று சொல்வதற்கு, டாக்டர்கள் சர்வ சாதாரணமாக எழுதிக்கொடுத்த க்ரீம். மலேசியா, சிங்கப்பூர் அரசு கிளினிக் பக்கம் போயிருக்கும் தமிழர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்காது. வாசனை இல்லை, நிறம் இல்லை, விளம்பரம் இல்லை, விலையும் மலிவு. சோப்புக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவவும் இதையே கொடுத்தார்கள், குளித்த பிறகு தடவி அப்படியே விடவும் இதையே கொடுத்தார்கள். இந்த 'இரண்டுக்கும்' என்பதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

கலவை ரொம்ப எளிது. எமல்சிஃபையிங் ஆயின்ட்மென்ட் 30 சதவீதம், ஃபீனாக்சிஎத்தனால் 1 சதவீதம், மீதி 69 சதவீதம் தண்ணீர். அந்த எமல்சிஃபையிங் ஆயின்ட்மென்ட்டைப் பிரித்தால் வெள்ளை சாஃப்ட் பாரஃபின் 50, எமல்சிஃபையிங் வேக்ஸ் 30, லிக்விட் பாரஃபின் 20. அந்த எமல்சிஃபையிங் வேக்ஸை இன்னும் பிரித்தால் செட்டோஸ்டீரில் ஆல்கஹால் 90, சோடியம் லாரில் சல்பேட் 10. பெட்டிக்குள் பெட்டி. மூன்றையும் பெருக்கிப் பாருங்கள்: 30 சதவீதத்தில் 30 சதவீதம் 9, அதில் 10 சதவீதம் 0.9. முடிந்த க்ரீமில் 0.9 சதவீதம் சோடியம் லாரில் சல்பேட்.

ஆமா, அதே எஸ்.எல்.எஸ்.தான். பற்பசை, ஷாம்பூ நுரை. தோல் ஆராய்ச்சிக் கூடங்களில் இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆரோக்கியமான தோலில் வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்கி, அது எப்படி ஆறுகிறது என்று பார்க்க வேண்டியிருந்தால் வழக்கமாக எடுக்கும் பொருள் இதுதான். எரிச்சலுக்கு அளவுகோல் மாதிரி. ஒரு பக்கம் அளவுகோலாக இருக்கும் எரிச்சல் பொருள், இன்னொரு பக்கம் எரிச்சலுக்குத் தடவும் க்ரீமில் எமல்சிஃபையர். இரண்டும் ஒரே துறைக்குள், ஒரே காலத்தில்.

2003-ல் ஷெஃபீல்டைச் சேர்ந்த மைக்கேல் கார்க்கும் சக ஆய்வாளர்களும் எக்ஸிமா உள்ள குழந்தைகளிடம் நடத்திய ஒரு தணிக்கையை 'பார்மசூட்டிகல் ஜர்னல்' இதழில் வெளியிட்டார்கள். அக்வஸ் க்ரீம் தடவிய தருணங்களில் 56 சதவீதத்தில் உடனடியாகத் தோல் எதிர்வினை இருந்தது. மற்ற ஈரப்பத க்ரீம்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அது 17.8 சதவீதம். எதிர்வினை என்றால் எரியுது, கடுக்குது என்று குழந்தை அழுவது, தடவிய இடம் சிவப்பது. க்ரீம் டப்பாவைப் பார்த்தாலே ஓடும் குழந்தை உள்ள வீட்டில் இதற்கு என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை. 'மருந்து தடவ விடமாட்டேங்கிறான், அடம்' என்று பெரியவர்கள் குழந்தையைத் திட்டியிருப்பார்கள். உண்மையில் எரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

2010-ல் பாத் பல்கலைக்கழகத்தின் சாங், கை இருவரும் இன்னும் நேராக அளந்தார்கள். எக்ஸிமா இல்லாத ஆறு பெண்கள். முன்கையின் ஒரு பகுதியில் தினம் இரண்டு வேளை அக்வஸ் க்ரீம், பக்கத்திலேயே ஒன்றும் தடவாத பகுதி. நான்கு வாரம். தடவிய இடத்தில் மேலடுக்கு சராசரியாக 12 சதவீதம் மெலிந்திருந்தது, தோல் வழியே ஆவியாகும் நீர் 20 சதவீதம் கூடியிருந்தது. ஈரத்தைக் காக்கத் தடவிய க்ரீம், ஈரம் போகும் வேகத்தைக் கூட்டியிருக்கிறது. 2011-ல் சைமன் டான்பியும் கார்க் குழுவினரும், முன்பு எக்ஸிமா இருந்து இப்போது தோல் சரியாக இருப்பவர்களிடம் பார்த்தபோதும் இதே திசையில்தான் விடை வந்தது. 2013 மார்ச்சில் பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எம்.ஹெச்.ஆர்.ஏ. எச்சரிக்கை வெளியிட்டது: அக்வஸ் க்ரீம் எரிச்சல் தரலாம், குறிப்பாக எக்ஸிமா உள்ள குழந்தைகளுக்கு, காரணம் அதிலிருக்கும் எஸ்.எல்.எஸ். ஆக இருக்கலாம். தடை செய்யவில்லை. எச்சரிக்கை வாசகம் போடச் சொன்னார்கள்.

இந்த ஆய்வுகளை நான் கும்பிடச் சொல்லவில்லை. ஆறு பேர் என்பது ரொம்பச் சின்ன எண்ணிக்கை. பாத் ஆய்வில் ஒப்பீடு ஒன்றும் தடவாத தோலோடு. அதே க்ரீமை எஸ்.எல்.எஸ். இல்லாமல் செய்து பக்கத்தில் தடவிப் பார்த்திருந்தால்தான் பழியை அதன்மேல் மட்டும் போட முடியும். 2003 தணிக்கையும் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்துச் செய்த சோதனை கிடையாது. ஆனால் மூன்றும் ஒரே பக்கம் சாய்கின்றன, எஸ்.எல்.எஸ். பற்றி ஏற்கெனவே தெரிந்த எல்லாமும் அதே பக்கம் சாய்கிறது. எம்.ஹெச்.ஆர்.ஏ. 'இருக்கலாம்' என்று எழுதியது நியாயம். எழுத 2013 வரை ஆனதுதான் உறுத்துகிறது.

இனி கட்சிகளுக்கு வருவோம்.

பயமுறுத்தும் கட்சி எஸ்.எல்.எஸ். பற்றி 1990-களின் கடைசியிலேயே சங்கிலி மின்னஞ்சல் சுற்ற விட்டது. 'உங்கள் ஷாம்பூவில் கேன்சர்' என்பதுதான் செய்தி. அதன் வாட்ஸ்அப் பேரப்பிள்ளைகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. எஸ்.எல்.எஸ். கேன்சர் உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அதுவும் ஷாம்பூ மாதிரி ஒரு நிமிடத்தில் கழுவிவிடும் பொருளில் அதைத் தேடுவது வீண் வேலை. ஆளைச் சரியாகப் பிடித்தார்கள், வழக்கைத் தப்பாகப் போட்டார்கள். கேலிக் கட்சி என்ன பண்ணுச்சு? கேன்சர் வழக்கு தள்ளுபடியானதும் ஆளுக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவைத்தது. 'எஸ்.எல்.எஸ். பாதுகாப்பானது, கட்டுக்கதையை நம்பாதீர்கள்' என்ற தலைப்பில் எத்தனை கட்டுரை! அவற்றில் பாதி கழுவிவிடும் பொருளைப் பற்றியே பேசிவிட்டு, தடவி விடும் பொருளுக்கும் சேர்த்துச் சான்றிதழ் கொடுத்துவிடுகின்றன.

அவர்கள் மேற்கோள் காட்டும் அறிக்கையே அப்படிச் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. அமெரிக்காவில் காஸ்மெடிக் இன்கிரீடியன்ட் ரிவியூ என்று ஒரு குழு 1976 முதல் இயங்குகிறது. தொழில்துறைச் சங்கத்தின் பணத்தில் நடப்பது, ஆனால் பரிசீலிப்பவர்கள் வெளி நிபுணர்கள். 1983-ல் அவர்கள் எஸ்.எல்.எஸ். பற்றி எழுதிய முடிவு இரண்டு துண்டாக இருக்கிறது. விட்டு விட்டு, சிறிது நேரம் பயன்படுத்தி, நன்றாகக் கழுவிவிடும் பொருள்களில் பாதுகாப்பானது. நீண்ட நேரம் தோலில் தங்கும் பொருள்களில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முதல் துண்டைக் கத்தரித்து ஒட்டுகிறவர்கள் இரண்டாவது துண்டைக் கத்தரிப்பில் விட்டுவிடுகிறார்கள்.

சரி, இரண்டாவது துண்டையும் படித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அக்வஸ் க்ரீமில் 0.9. கோடு 1. பாஸ்! விதிப்படி பாஸான க்ரீம்தான் அந்த 56 சதவீதத்தைத் தந்தது. இந்த இடத்தில்தான் 'அளவுதான் விஷம்' என்ற வாக்கியம் பாதி உண்மையாக நின்றுவிடுகிறது. யாருக்கு அளந்த அளவு? அந்தக் கோடு பொதுமக்களின் சாதாரணத் தோலை நினைத்துப் போடப்பட்டது. எக்ஸிமா உள்ள குழந்தையின் தோலில் சாந்து ஏற்கெனவே உதிர்ந்திருக்கிறது. அதே 0.9 அங்கே வேறு ஆழத்துக்குப் போகும். இன்னொன்றும் இருக்கிறது. டப்பாவில் இருக்கும்போதுதான் அது 0.9. தடவிய கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஆவியாகத் தொடங்குகிறது. 69 பங்கு தண்ணீரும் போய்விட்டால் எஞ்சும் 31 பங்கில் 0.9 பங்கு, அதாவது ஏறக்குறைய 3 சதவீதம். அது முழுக்கச் சுதந்திரமாகத் திரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பகுதி செட்டோஸ்டீரில் ஆல்கஹாலோடு சேர்ந்து மெழுகு அடுக்குகளில் கட்டுண்டு கிடக்கும். இருந்தாலும், லேபிளில் உள்ள சதவீதத்தை மட்டும் வைத்து வாதாடுகிறவர்கள் தோலின் மேல் நடப்பதைப் பார்க்கவில்லை என்பது என் கட்சி.

கேலிக் கட்சியை இவ்வளவு சொன்னதால் ஆப்காரர்கள் சந்தோஷப்பட வேண்டாம். போன மாதம் என் அக்கா குழந்தைக்கு வாங்கிய க்ரீமை ஒரு ஆப்பில் ஸ்கேன் பண்ணிவிட்டு ஃபோன் பண்ணினாள். "டேய், இதுல பெக் ஏதோ இருக்காம்டா, ஆரஞ்சு கலர் காட்டுது. தூக்கிப் போட்டுடவா?" குழந்தைக்கு முழங்கை மடிப்பில் கரப்பான். பல டப்பா மாற்றி, கடைசியில் ஒத்துக்கொண்டது இது ஒன்றுதான். படம் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். எமல்சிஃபையர் செட்டியரெத்-20. தூக்கிப் போடாதே என்றேன். ஏன் என்பதை ஃபோனில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

எஸ்.எல்.எஸ். எரிகிறது என்று தெரிந்த பிறகு அதற்குப் பதிலாக எதைப் போடுவது? பிரிட்டிஷ் பார்மகோப்பியாவிலேயே இன்னொரு மெழுகு உண்டு, செட்டோமேக்ரோகால் எமல்சிஃபையிங் வேக்ஸ். செட்டோஸ்டீரில் ஆல்கஹால் 80 பங்கு, செட்டோமேக்ரோகால் 1000 என்பது 20 பங்கு. மின்சுமை இல்லாத பெரிய மூலக்கூறு, தோலுக்குச் சாது. நியூசிலாந்தில் எக்ஸிமாவுக்குச் செட்டோமேக்ரோகால் க்ரீம் சாதாரணமாகக் கிடைக்கும். ஆனால் இந்தச் செட்டோமேக்ரோகால் எப்படித் தயாராகிறது? கொழுப்பு ஆல்கஹாலோடு எத்திலீன் ஆக்சைடைச் சேர்த்து. அழகுசாதன லேபிளில் இதன் பெயர் செட்டியரெத்-20. பெக் குடும்பம்! எரிச்சல் தரும் எமல்சிஃபையருக்கு மாற்றாகத் தோல் மருத்துவம் கை நீட்டும் பொருளைத்தான் பயப்பட்டியல்கள் மேலும் ஒரு வில்லனாகப் பார்க்கின்றன.

அவர்கள் பயத்தில் அர்த்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். எத்திலீன் ஆக்சைடு வினையில் 1,4-டையாக்சேன் என்ற துணைப்பொருள் சிறிதளவு உண்டாகும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 'மனிதரில் புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ளது' என்ற 2பி வகையில் வைத்திருக்கிறது. ஆனால் அது எமல்சிஃபையரின் பாகம் கிடையாது, தயாரிப்பில் ஒட்டிக்கொண்டு வரும் அழுக்கு. வெற்றிடத்தில் சூடாக்கி இழுத்தால் பெரும்பகுதி போய்விடும். 2015-ல் ஐரோப்பாவின் நுகர்வோர் பாதுகாப்பு அறிவியல் குழு, பத்து லட்சத்தில் 10 பங்கு வரை இருந்தால் பாதுகாப்பானது என்றது. நியூயார்க் மாநிலம் சட்டமே போட்டது: 2022 இறுதியிலிருந்து அழகுசாதனங்களில் பத்து லட்சத்தில் 10 பங்கு, ஷாம்பூ மாதிரியான கழுவும் பொருள்களில் 2 பங்கு, அடுத்த ஆண்டு முடிவிலிருந்து 1 பங்கு. இப்போது கவனியுங்கள். ஒரே செட்டியரெத்-20, நன்றாகச் சுத்தம் செய்யும் ஆலையிலிருந்தும் வரலாம், செய்யாத ஆலையிலிருந்தும் வரலாம். லேபிளில் இரண்டுக்கும் ஒரே பெயர். பார்கோடை ஸ்கேன் பண்ணி ஒரு எண் தரும் ஆப்பால் இந்த வித்தியாசத்தைப் பார்க்கவே முடியாது. பார்க்க முடியாததற்கும் சேர்த்து மதிப்பெண் போடுகிறது.

பெக் பயத்துக்கு இன்னொரு வேரும் இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தீக்காய நோயாளிகளுக்குப் பாலிஎத்திலீன் கிளைக்காலில் குழைத்த களிம்பைத் தடவியபோது சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகி இறந்திருக்கிறார்கள். உண்மைச் சம்பவம்தான். ஆனால் அங்கே களிம்பின் அடிப்பொருளே பெக், உடம்பின் பெரும்பகுதி தோல் இல்லாமல் திறந்து கிடந்தது. அதை எடுத்து, 2 சதவீதம் எமல்சிஃபையர் உள்ள க்ரீமை முழங்கையில் தடவுவதற்குப் பொருத்துவது அநியாயம். இதைவிட அநியாயம் எலி ஆய்வு. 2015-ல் நேச்சர் இதழில் ஷசேன், கெவிர்ட்ஸ் முதலானோர், பாலிசார்பேட் 80 கலந்த தண்ணீரைக் குடித்த எலிகளுக்குக் குடல் நுண்ணுயிர்கள் மாறி அழற்சி வந்ததைக் காட்டினார்கள். முக்கியமான ஆய்வு. உணவு எமல்சிஃபையர்கள் பற்றி நான் தனியாக எழுத வேண்டும். அதை முகத்தில் தடவும் லோஷனுக்கு எதிரான ஆதாரமாகக் காட்டும் பதிவுகளைப் பார்க்கும்போதுதான், இவங்க கட்டுரையைப் படிச்சாங்களா, தலைப்பை மட்டும் படிச்சாங்களா என்று சந்தேகம் வருகிறது.

அப்ப 'இயற்கை எமல்சிஃபையர்' வாங்கிவிட்டால் நிம்மதியா? தேங்காயிலிருந்தும் சோளத்திலிருந்தும் வந்தது என்று பெருமையாக அச்சடிக்கப்படும் குளுக்கோசைடுகளை எடுத்துக்கொள்வோம். குளுக்கோஸும் கொழுப்பு ஆல்கஹாலும் சேர்ந்தவை, சுற்றுச்சூழலுக்கு நல்லவை, பொதுவாக மென்மையானவை. எனக்கும் பிடிக்கும். அமெரிக்கத் தொடுதோலழற்சிச் சங்கம் ஆண்டுதோறும் மருத்துவர்களின் கவனத்துக்காக ஓர் ஒவ்வாமைப் பொருளைத் தேர்ந்தெடுக்கும். 2017-ல் தேர்ந்தெடுத்தது ஆல்கைல் குளுக்கோசைடுகளை. 2023-ல் லனோலின், அதாவது ஆட்டுக் கம்பளியின் கொழுப்பு. அது காலங்காலமாகத் தண்ணீரைத் தாங்கும் எமல்சிஃபையராகப் பயன்படும் 'இயற்கை'. இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு குளுக்கோசைடு ஆபத்து என்று யாரும் கிளம்ப வேண்டாம். பெரும்பாலோருக்கு இரண்டுமே ஒன்றும் செய்யாது. ஒவ்வாமை உள்ள ஒருவருக்கு மட்டும், பச்சை நிற இலைப் படம் எந்த உதவியும் செய்யாது.

இதில் உச்சம் வீட்டிலேயே செய்யும் கோல்ட் க்ரீம். தேன்மெழுகு, எண்ணெய், பன்னீர், ஒரு சிட்டிகை வெங்காரம். 'கெமிக்கலே கிடையாது' என்று சொல்லிச் செய்து காட்டுகிறார்கள். வெங்காரம் என்பது போராக்ஸ். அது தேன்மெழுகில் இருக்கும் கொழுப்பு அமிலங்களோடு சேர்ந்து கிண்ணத்திலேயே ஒரு சோப்பாக மாறுகிறது, அந்தச் சோப்புதான் எமல்சிஃபையர். பழைய, கெட்டிக்காரத்தனமான வேதியியல். ஆனால் போரேட் உப்புகளை ஐரோப்பிய ஒன்றியம் இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யும் பொருள்களின் 1பி வகையில் வைத்திருக்கிறது. நல்ல தோல் வழியே அது மிகக் குறைவாகத்தான் உள்ளே போகும். புண்ணான தோல் வழியே போகும். போன நூற்றாண்டில் டயப்பர் புண்ணுக்குப் போரிக் பவுடர் போட்டுக் கைக்குழந்தைகள் இறந்த வழக்குகள் மருத்துவ இதழ்களில் இருக்கின்றன. பெக்கைப் பார்த்து அலறும் அதே சேனல், அடுத்த வீடியோவில் வெங்காரத்தை ஸ்பூனில் அள்ளுகிறது. பெரியவர் ஒருவர் உள்ளங்காலில் தடவினால் நான் கவலைப்பட மாட்டேன். கரப்பான் உள்ள குழந்தைக்குத் தடவச் சொன்னால் சண்டை போடுவேன்.

லேபிளைப் படித்தே தெரிந்துகொள்ள முடியாதா என்று கேட்கலாம். ஓரளவுக்கு முடியும். பொருள்கள் அளவின் இறங்குவரிசையில் இருக்கும், ஆனால் 1 சதவீதமோ அதற்குக் குறைவோ உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். நம்ம 0.9 சதவீதம் அந்த இருட்டுக்குள்தான் விழுகிறது. நான் பார்ப்பது இவ்வளவுதான். தடவி விடும் க்ரீமில், அதுவும் எக்ஸிமா உள்ளவருக்கு வாங்கும் க்ரீமில், சோடியம் லாரில் சல்பேட் எந்த இடத்தில் இருந்தாலும் வைத்துவிடுவேன். அதே பெயர் ஷாம்பூவில் இருந்தால், தலை அரிப்பு இல்லாதவருக்கு, கண்டுகொள்ள மாட்டேன். புது க்ரீமை முழங்கை உள்பக்கம் சின்ன இடத்தில் ஒரு வாரம் தடவிப் பார்ப்பது எந்த ஆப்பையும்விட உருப்படியான தகவல் தரும். தடவிய இருபது நிமிடத்துக்குள் எரிகிறது என்று குழந்தை சொன்னால் அதை நம்புங்கள். எம்.ஹெச்.ஆர்.ஏ. எச்சரிக்கையில் வருவதும் அந்த இருபது நிமிடம்தான்.

வீட்டில் க்ரீம் செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு மட்டும் பாக்கி. 'எமல்சிஃபையிங் வேக்ஸ்' என்று ஆன்லைனில் வெள்ளை வில்லைகளாக விற்கிறார்களே, அந்தப் பெயரில் இரண்டு வேறு பொருள்கள் உண்டு. பிரிட்டிஷ் தரநூல்படி அது மேலே சொன்ன எஸ்.எல்.எஸ். கலந்த மெழுகு. அமெரிக்கத் தரநூலான என்.எஃப். படி அது செட்டோஸ்டீரில் ஆல்கஹாலும் பாலிசார்பேட் வகையறாவும், அதாவது மின்சுமை இல்லாதது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, க்ரீமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். நான் வாங்கும் கடைக்காரரிடம் இது பி.பி.யா என்.எஃப்.பா என்று கேட்டு எழுதினேன். "100% வெஜிடபிள் சார், கெமிக்கல் ஃப்ரீ" என்று பதில் வந்தது. இரண்டாவது தடவை, உள்ளே இருப்பவற்றின் பெயர்களை மட்டும் அனுப்புங்கள் என்று கேட்டேன். செட்டியரில் ஆல்கஹால், பாலிசார்பேட் 60 என்று வந்தது. பாக்கெட்டின் மேல் இப்போதும் 'எமல்சிஃபையிங் வேக்ஸ்' என்று மட்டும்தான் போட்டிருக்கிறது.